படிச்சு முடிச்சுட்டு விவசாயத்துக்குப் போலாமா? எந்த வழி யாருக்குச் சரிப்படும்

யுனிவர்சிட்டில படிக்கற பசங்க பொண்ணுங்ககிட்ட விவசாயத்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் நல்ல விதமாத்தான் சொல்லுவாங்க, ரொம்ப முக்கியமான தொழில், அது இல்லாம யாரும் இல்ல, இளைஞர்கள் நிறைய வரணும், எல்லாம் வரும். அடுத்ததா "சரி, நீ வர்றியா"ன்னு கேட்டா பேச்சு அப்படியே வேற பக்கம் திரும்பிடும். இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு யாரும் நின்னு பாக்கறதில்ல, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மண்ணுல கால் வைக்கவே பிடிக்கல"ன்னு பெரியவங்க முடிவு கட்டிடறாங்க, பசங்களும் அதையே நம்பி நமக்கு இது ஒத்துவராதுபோலன்னு ஒதுங்கிடறாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயமாப் படுது, ஏன்னா அந்த இடைவெளில இருக்கறதுல பாதிக்கு மேல விருப்பு வெறுப்பு சம்பந்தப்பட்டதே கிடையாது.

சமூக உளவியல்ல ஐசெக் ஐசென்னு ஒருத்தர், 1991ல அவர் எழுதின கட்டுரையை மாணவர்களோட தொழில் விருப்பத்தை ஆராயறவங்க இன்னிக்கும் நிறைய எடுத்துக்கறாங்க. அவர் சொல்றது, ஒரு காரியத்தைச் செய்யணும்னு ஒருத்தருக்கு எண்ணம் வர்றதுக்கு மூணு விஷயம் சேரணும், அந்தக் காரியத்தைப் பத்தி அவருக்கு என்ன அபிப்ராயம், சுத்தி இருக்கறவங்க அவர்கிட்ட என்ன எதிர்பாக்கறாங்க, தன்னால அது முடியும்னு அவருக்குத் தோணுதா. விவசாயத்துல முதல் விஷயத்துல நிறைய பசங்க பாஸ். ரெண்டாவதுல "இதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வெச்சோம்"ங்கற வீட்டுக் குரல் வந்து நிக்குது. மூணாவதுலதான் ஆட்டமே முடிஞ்சு போகுது, நிலம் யார்கிட்ட இருக்கு, முதல் மூணு வருஷம் சாப்பாட்டுக்கும் படிப்புக் கடனுக்கும் என்ன வழி, சரிவரலன்னா திரும்பி எங்க போறது. இந்த மூணு கேள்விக்கும் பதில் தெரியாத ஒருத்தர் "எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல"ன்னு சொன்னா அது மனசுல இருந்து வந்த பதில்னு நான் எடுத்துக்க மாட்டேன்.

விவசாயம் பண்றவங்களே பிள்ளைங்களைத் தடுக்கறாங்கங்கறதும் உண்மைதான், அதுல அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்தியாவுல தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2003ல விவசாயக் குடும்பங்கள்கிட்ட கேட்டப்ப சுமார் 40 சதவீதம் பேர் வேற வழி கிடைச்சா இதை விட்டுட்டுப் போயிடுவோம்னு சொன்னாங்க. அமெரிக்கா மாதிரி மெஷினும் மானியமும் நிறைய இருக்கற நாட்டுலயே பண்ணைக் குடும்பங்கள்ல பாதிக்கும் மேல விவசாயக் கணக்கை மட்டும் தனியா எடுத்தா நஷ்டம்தான் காட்டுது, வீடு ஓடறது வெளி வேலை வருமானத்துல, இது அந்த நாட்டு வேளாண் துறையே வருஷா வருஷம் சொல்ற விஷயம். அப்படி ஒரு வீட்டுல வளர்ந்த பிள்ளைக்கு ஆசை வரலன்னா ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, அது கண்ணால பாத்து வந்த தீர்ப்பு.

இன்னொரு பக்கம் வயசுக் கணக்கைப் பாருங்க. அமெரிக்காவுல 2022 கணக்கெடுப்புப்படி விவசாயிங்களோட சராசரி வயசு 58.1. ஜப்பான்ல 2020ல விவசாயத்தையே முக்கியத் தொழிலா வெச்சிருக்கறவங்களோட சராசரி 67.8. ஐரோப்பிய யூனியன்ல அதே 2020ல பண்ணை நடத்தறவங்கள்ல 40 வயசுக்குக் கீழ இருக்கறவங்க சுமார் 12 சதவீதம்தான், 55 தாண்டினவங்க பாதிக்கும் மேல. இதைக் காட்டி "பாத்தீங்களா, எவ்ளோ வாய்ப்பு காலியா இருக்கு"ன்னு மேடையில பேசறாங்க, எனக்கு அது பாதி உண்மையாத்தான் தெரியுது, ஏன்னா சராசரி வயசு 67ன்னா 67 வயசு வரைக்கும் நிலமும் முடிவும் அவங்க கையில இருக்குன்னும் அர்த்தம், 22 வயசுல படிப்பு முடிச்சு வர்றவங்க எத்தனை வருஷம் காத்திருக்கணும்னு அந்த மேடையில யாரும் சொல்றதில்ல.

அதனால "விவசாயமா, ஆபீஸ் வேலையா"ன்னு ரெண்டே ரெண்டு கதவு இருக்கற மாதிரி யோசிக்கறதை முதல்ல விடணும். குறைஞ்சது அஞ்சாறு வழி இருக்கு, ஒவ்வொண்ணையும் நான் மேல சொன்ன அதே மூணு கேள்வியை வெச்சுத்தான் பாக்கப்போறேன், முடிவு யார் கையில, முதல் மூணு வருஷம் காசு எங்க இருந்து, திரும்பி வர முடியுமா. "உங்க பேஷனைத் தேடுங்க"ங்கற பேச்சு இதுல உதவாது.

முதல் வழி, சொந்தக் குடும்ப நிலத்துக்கு நேரா போறது. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு இதுதான் ஈஸியாத் தெரியும், நிலம் இருக்கு, வீடு இருக்கு, சொல்லிக்குடுக்க அப்பா அம்மா இருக்காங்க, வாடகை கிடையாது. ஆனா என் கணிப்புல படிச்சவங்க அதிகமா மனசு ஒடிஞ்சு வெளிய வர்றது இங்கதான். நிலம் அப்பா பேர்ல, லோன் அப்பா பேர்ல, பேங்க் அக்கவுண்ட் அப்பா பேர்ல, வெயில்ல நிக்கறது மட்டும் உங்க பேர்ல. மண் டெஸ்ட் பண்ணி உரத்தைக் குறைக்கலாம்னு சொன்னா "நான் முப்பது வருஷமா பண்றேன்"னு பதில் வரும், அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும், ஏன்னா தப்பாப் போனா அந்தக் கடனை அவர்தான் கட்டணும். பண்ணை ஒரு தலைமுறைல இருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கைமாறுதுன்னு ஆண்ட்ரூ எரிங்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990கள்ல இங்கிலாந்து, பிரான்ஸ், கனடான்னு ஆரம்பிச்சு ஒரு ஆய்வு செஞ்சார், அப்பறம் மத்த நாடுகள்லயும் அதைத் தொடர்ந்தாங்க. திரும்பத் திரும்ப தெரிஞ்ச விஷயம் இதுதான், எந்த நாள் என்ன வேலைங்கற மாதிரி முடிவுகளைப் பிள்ளைங்ககிட்ட சீக்கிரமா விட்டுடறாங்க, பணம் சம்பந்தப்பட்ட முடிவு மட்டும் கடைசி வரைக்கும் பெரியவங்ககிட்டயே தங்கிடுது. அப்ப நாப்பது வயசாகியும் ஒருத்தர் சொந்தப் பண்ணைல சம்பளம் இல்லாத வேலையாள் மாதிரியே இருக்கற நிலைமை வருது.

இதுக்கு மருந்து இருக்கு, அது போறதுக்கு முன்னாடி பேசி முடிக்கறது. மொத்த நிலத்தையும் கேக்க வேணாம், ஒரு துண்டு, அதுல என்ன பயிர்ங்கறது உங்க முடிவு, அதோட வரவு செலவுக்குத் தனி அக்கவுண்ட், லாபத்துல உங்களுக்கு எவ்ளோ வீட்டுக்கு எவ்ளோ, எத்தனை சீசன் பாத்துட்டு அடுத்த முடிவு, கூடப் பொறந்தவங்களுக்கு இதுல என்ன பங்கு, இதெல்லாம் ஒரு தாள்ல எழுதி எல்லாரும் படிச்சிருக்கணும். பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கறதான்னு கூச்சமா இருக்கும், இருந்தாலும் பண்ணுங்க, ஏன்னா அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி உறவு கெட்டுப்போறது பெரும்பாலும் பேசாம விட்ட விஷயத்தாலதான். வீட்டுல இதுக்கு ஒத்துக்கிட்டா முதல் வழி நல்ல வழி. ஒத்துக்கலன்னா கோவிச்சுக்க வேணாம், அவங்களுக்கு இன்னும் உங்க மேல நம்பிக்கை வரல, அதை வேற இடத்துல சம்பாதிச்சுட்டு வரலாம், அதுக்குக் கீழ வர்றேன்.

இதே பேச்சு பொண்ணுங்களுக்கு இன்னும் கஷ்டம். உலக அளவுல நிலம் வெச்சிருக்கறவங்கள்ல பெண்கள் 15 சதவீதத்துக்கும் குறைவுன்னு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்லுது, ஆனா வேலைன்னு பாத்தா 2019ல உலகத்துல வேலை பாக்கற பெண்கள்ல 36 சதவீதம் பேர் உணவு வேளாண்மை சார்ந்த வேலைலதான் இருந்தாங்க, அதுவும் கூலி வேலைல ஆம்பளைங்க ஒரு டாலர் வாங்கற இடத்துல இவங்களுக்கு 82 சென்ட். வகுப்புல முதல் மார்க் வாங்கற பொண்ணு "கம்பெனி வேலைக்குப் போறேன்"னு சொன்னா அதை ஆர்வக் குறைவுன்னு எழுதிடாதீங்க, குடும்ப நிலம் தம்பிக்குத்தான்னு சின்ன வயசுலயே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வீட்டுல பேச்சு எடுக்க முடியற நிலைமை இருந்தா பேர்ல எழுதறதைப் பத்தியே பேசுங்க, நிலம் உங்க பேர்ல இல்லன்னா பல இடங்கள்ல பேங்க் லோனும் கிடைக்காது, விவசாயிங்களுக்கான உதவித் திட்டத்துலயும் பேர் வராது, பத்து வருஷம் உழைச்சு ஒரு கல்யாணத்துலயோ ஒரு சாவுலயோ எல்லாம் கைவிட்டுப் போயிடும்.

ரெண்டாவது வழி, விவசாயம் சார்ந்த கம்பெனி வேலை. விதை, மருந்து, உரம், டிராக்டர், சொட்டு நீர், பயிர்க் காப்பீடு, பேங்க்ல விவசாயக் கடன் பிரிவு, உணவுத் தரப் பரிசோதனை, கொள்முதல், இப்படிப் போயிட்டே இருக்கும். வேளாண் டிகிரின்னா வயல்தான்னு நெனைக்கறவங்க இதைப் பாக்கணும், அமெரிக்காவுல வேளாண் துறையும் பர்டூ யுனிவர்சிட்டியும் சேர்ந்து 2020ல இருந்து 2025 வரைக்கும் போட்ட கணிப்புல உணவு, வேளாண்மை, இயற்கை வளம் சார்ந்த பட்டதாரி வேலைகள் வருஷத்துக்கு 59,400 வரும்னு சொன்னாங்க, அதுல 42 சதவீதம் மேனேஜ்மென்ட், பிசினஸ் பக்கம், 31 சதவீதம் சயின்ஸ், இன்ஜினியரிங், நேரடியா உற்பத்தில அதை விட ரொம்பக் குறைவுதான். ஆக படிப்பு உங்களை வயலுக்குக் கூட்டிட்டுப் போகும்னு தானா எதுவும் நடக்காது.

இதுல நல்லது என்னன்னா மாசம் பொறந்தா சம்பளம், கடன் அடைபடும், வீட்டுலயும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஃபீல்டு வேலையா இருந்தா ஒரே வருஷத்துல நூத்துக்கணக்கான பண்ணைகளைப் பாத்துடலாம், யாருக்கு லாபம் வருது யாருக்கு வரலன்னு நேர்ல தெரியும், இது எந்த கிளாஸ்லயும் கிடைக்காத படிப்பு. கெட்டது, பல வேலைகள் சேல்ஸ் வேலைதான், மாச டார்கெட் இருக்கும், விவசாயி "இந்த மருந்து தேவையா"ன்னு கேக்கும்போது உங்களுக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணா இருக்கும், டார்கெட் சொல்லச் சொல்ற பதில் இன்னொண்ணா இருக்கும். மனசாட்சியோட இருக்கணும்னு நெனைக்கறவங்க டார்கெட் குறைவா இருக்கற வேலையாப் பாத்து எடுங்க, டெஸ்டிங் லேப், கொள்முதல், தரம் பாக்கறது, கடன் மதிப்பீடு இதெல்லாம். சேர்றதுக்கு முன்னாடி "இன்சென்டிவ் எதுக்குக் குடுக்கறீங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டாப் போதும், அந்த வேலை எப்படிப்பட்டதுன்னு புரிஞ்சிடும்.

மூணாவது, அரசு வேலை, விரிவாக்கப் பணி (விவசாயிங்களுக்கு நேர்ல ஆலோசனை சொல்ற வேலை), ஆராய்ச்சி. பாதுகாப்பு இருக்கு, மரியாதை இருக்கு, விவசாயிகிட்ட எதையும் விக்காம பேசற சுதந்திரம் இருக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு விரிவாக்கப் பணி மேல பெரிய மதிப்பு. ஆனா 1980, 90கள்ல பல நாடுகள் செலவைக் குறைக்கறேன்னு இந்தத் துறைக்கு ஆள் எடுக்கறதைச் சுருக்கினாங்க, பல இடத்துல அது இன்னும் சரியாகல, வேக்கன்சி கம்மி, பரிட்சைக்குப் படிக்கறவங்க கூட்டம் அதிகம். படிச்சுட்டே வருஷங்கள் போறதுதான் இதுல ஆபத்து. எத்தனை தடவை எழுதுவேன்னு முதல்லயே ஒரு எல்லை வெச்சுட்டு, அதுக்குள்ள சம்பளம் வர்ற வேற வேலைல இருந்துட்டே எழுதுங்க. ஆராய்ச்சி உண்மையாவே பிடிச்சவங்களுக்கு மட்டும், வேலை கிடைக்கலன்னு மேல படிக்கப் போறவங்க ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அதே கேள்விக்குத்தான் வந்து நிப்பாங்க.

ஸ்டார்ட்டப் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, சுருக்கமா சொல்லிடறேன். ட்ரோன், ஆப், சென்சார், நேரடி விற்பனை, நல்ல ஐடியாக்கள் இருக்கு, ஆனா விவசாயி எதுக்குக் காசு குடுப்பார் எதுக்குக் குடுக்க மாட்டார்னு தெரியாம கேம்பஸ்குள்ள இருந்தே ஆரம்பிக்கறது ரொம்ப ரிஸ்க். சில சீசன் வயல்ல இருந்துட்டு வர்றவங்க கையில இதே ஐடியா வேற மாதிரி உருவாகும். கோஸ்டாரிகாவுல எர்த் யுனிவர்சிட்டின்னு 1990ல பசங்களைச் சேர்த்து ஆரம்பிச்ச ஒரு வேளாண் பல்கலைக்கழகம், அங்க மாணவர்கள் குரூப்பாச் சேர்ந்து படிக்கும்போதே ஒரு சின்ன கம்பெனி நடத்தணும், யுனிவர்சிட்டி கிட்டயே கடன் வாங்கணும், அதைத் திருப்பிக் கட்டணும், லாபம் வந்தா பங்கு. எல்லா வேளாண் படிப்புலயும் இப்படி ஒண்ணு இருந்தா ஐசென் சொன்ன மூணாவது விஷயத்துக்கு, அதாவது "என்னால முடியுமா"ங்கறதுக்குப் பாதி பதில் படிக்கும்போதே கிடைச்சிடும்னு நான் உறுதியா நம்பறேன்.

அப்பறம் எல்லாருக்கும் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு, "வேற வேலைல நல்லா சம்பாதிச்சுட்டு நாப்பது வயசுல நிலம் வாங்கி விவசாயத்துக்கு வர்றேன்". சொல்றவங்க உண்மையான ஆசைலதான் சொல்றாங்க, காசும் கையில இருக்கும், கடன் இல்லாம ஆரம்பிக்கலாம். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை விளையற பயிர்ல வருஷத்துக்கு ஒரு பாடம்தான் கிடைக்கும், அதை யாராலயும் வேகப்படுத்த முடியாது, 25ல ஆரம்பிச்சவர் 45ல இருபது சீசன் பாத்திருப்பார். பழ மரம் வெச்சா காசாக மூணுல இருந்து அஞ்சு வருஷம், சிலதுக்கு இன்னும் அதிகம். உதவித் திட்டங்களும் வயசு பாக்குது, ஐரோப்பிய யூனியன்ல இளம் விவசாயின்னா 40 வயசு வரைக்கும்தான், 2023ல இருந்து 2027 வரைக்குமான அவங்க திட்டத்துல நேரடி உதவித் தொகைல 3 சதவீதத்துக்குச் சமமான பணத்தையாவது இளம் விவசாயிங்களுக்குன்னு ஒதுக்கணும்னு விதி இருக்கு. ஜப்பான்ல 2012ல புது விவசாயிங்களுக்கு வருஷத்துக்கு 15 லட்சம் யென் வரைக்கும் குடுக்கற திட்டம் கொண்டு வந்தப்ப ஆரம்பத்துல 45 வயசுக்குள்ள இருக்கணும்னாங்க. உங்க நாட்டுல என்ன வயசு வரம்புன்னு பாத்துட்டு அப்பறம் நாப்பதுங்கற நம்பரை வெச்சுக்கோங்க.

இப்ப நான் முக்கியமாச் சொல்ல வந்த வழிக்கு வர்றேன், ஏன்னா மாணவர்கள் போடற லிஸ்ட்ல இது வர்றதே இல்ல. அடுத்தவங்க பண்ணைல சம்பளத்துக்கு வேலை பாக்கறது. நல்லா நடக்கற, லாபம் காட்டற, உங்க வீட்டுப் பண்ணையை விடக் கொஞ்சம் பெரிய இடம், அங்க அசிஸ்டென்ட்டாவோ சூப்பர்வைசராவோ ரெண்டு மூணு வருஷம். "டிகிரி வாங்கிட்டு அடுத்தவன் வயல்ல வேலையா"ன்னு கேப்பாங்க, கௌரவம்தான் தடை, வேற ஒண்ணும் இல்ல. மூணு கேள்வியையும் வெச்சுப் பாருங்க. மாசம் சம்பளம் வரும், கம்பெனி சம்பளத்தை விடக் குறைவா இருக்கலாம், ஆனா தங்கற இடம் பல பண்ணைகள்ல அங்கயே கிடைச்சிடும். தப்பு நடந்தா நஷ்டம் உங்க வீட்டுக் கடனா மாறாது. பிடிக்கலன்னா வெளிய வந்துடலாம், அந்த அனுபவத்துக்குக் கம்பெனிலயும் மதிப்பு இருக்கு. எல்லாத்துக்கும் மேல, உங்க முடிவைக் கேக்கவோ திட்டவோ அங்க இருக்கறவர் உங்க அப்பா கிடையாது, தொழில் தெரிஞ்ச ஒரு முதலாளி, அதனால பேச்சு தொழிலைப் பத்தினதாவே இருக்கும்.

நியூசிலாந்துல பால் பண்ணைத் தொழில்ல இதை ஒரு ஏணி மாதிரியே வெச்சிருக்காங்க, அதுக்குன்னு பங்குப் பால் ஒப்பந்தச் சட்டம் 1937லயே வந்துடுச்சு. முதல்ல சம்பள வேலை, மாடு பாக்கக் கத்துக்கறது. அடுத்த படி, முதலாளி நிலம், முதலாளி மாடு, உங்க உழைப்பும் நிர்வாகமும், பால் வருமானத்துல ஒரு சதவீதம் உங்களுக்கு. அதுல சேத்து வெச்சு கொஞ்சம் கொஞ்சமா மாடு வாங்கறாங்க, கன்னுக்குட்டி வளர வளர மந்தையும் வளருது. அதுக்கு அடுத்த படில மந்தை உங்களோடது, நிலம் அவரோடது, பால் வருமானம் சுமாரா பாதிப் பாதி. கடைசில அந்த மந்தையோட மதிப்பை வெச்சு சொந்த நிலத்துக்கு முன்பணம் கட்டறாங்க. நிலம் விலை ஏறினதால இப்ப அந்தக் கடைசிப் படி முன்ன மாதிரி சுலபம் இல்ல, அதையும் சொல்லணும். இருந்தாலும் இதுல இருக்கற யோசனை எந்த நாட்டுக்கும் பொருந்தும், நிலம் வாங்கித்தான் விவசாயி ஆகணும்னு இல்ல, நகர்த்தக்கூடிய சொத்தை முதல்ல சேத்துக்கலாம், ஆடு மாடு, தேனீப் பெட்டி, ஒரு மெஷின், நாற்று வளர்க்கற செட்டப், இது எல்லாம் நிலம் மாறினாலும் கூடவே வரும். நிலமே இல்லாத குடும்பத்துல இருந்து வர்ற மாணவர்களுக்கு நான் பாத்த வரைக்கும் இதை விட நேரான வழி இல்ல.

பிள்ளை இல்லாத, இல்லன்னா பிள்ளைங்க வேற தொழிலுக்குப் போயிட்ட பெரியவங்க நிறைய பேர் இருக்காங்கங்கறதும் இங்கதான் உதவுது, மேல சொன்ன அந்த வயசுக் கணக்கு. அவங்களுக்கு நிலத்தை விக்க மனசு வராது, சும்மா போடவும் மனசு வராது. ரெண்டு வருஷம் நம்பிக்கையா வேலை பாத்த ஒருத்தருக்கு அவங்க பங்குக்கோ குத்தகைக்கோ குடுக்கத் தயாரா இருப்பாங்க, முன்பின் தெரியாத பட்டதாரிக்குக் குடுக்க மாட்டாங்க. குத்தகைக்கு எடுக்கறப்ப காலத்தைப் பாருங்க, ஒரு வருஷக் குத்தகைல மண்ணுக்குச் செலவு பண்ண யாருக்கும் மனசு வராது, நீங்க உரம் போட்டு மண்ணை நல்லாக்கினதும் நிலம் திரும்பப் போயிடும். அஞ்சு வருஷத்துக்குக் குறையாம, எழுத்துல, நடுவுல விட்டா யார் யாருக்கு என்ன குடுக்கணும்ங்கறதோட.

தனியா போகத் தைரியம் இல்லாதவங்க கூட்டாவும் பண்ணலாம். நைஜீரியாவுல இபாடன்ல இருக்கற சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனம் 2012ல இளைஞர்களைச் சேத்து ஒரு விவசாயத் தொழில் குழு ஆரம்பிச்சுது, அதுல வேளாண்மை படிச்சவங்க மட்டும் இல்ல, வேற வேற பாடம் படிச்ச பட்டதாரிங்களும் இருந்தாங்க. எனக்கு இது பிடிக்கக் காரணம், ஒரு பண்ணைக்குக் கணக்கு பாக்கறவர் வேணும், விக்கறவர் வேணும், மெஷின் தெரிஞ்சவர் வேணும், இது எல்லாம் ஒரே ஆளுகிட்ட இருக்காது. காமர்ஸ் படிக்கறவங்களும் மெக்கானிக்கல் படிக்கறவங்களும் "நான் அக்ரி படிக்கலயே"ன்னு ஒதுங்க வேண்டியதில்ல. கூட்டுல சண்டை வரும், அதுக்கும் அதே மருந்துதான், ஆரம்பத்துலயே எழுதி வெக்கறது, யார் எப்ப வெளிய போலாம், போனா பங்கை எப்படிக் கணக்குப் பண்றதுங்கற வரைக்கும்.

எந்த வழில போனாலும் முதல் பயிரைப் பாக்கறப்ப பிடிச்ச பயிர்னு பாக்காம காசு எப்ப திரும்ப வரும்னு பாருங்க. பால்னா தினமும் இல்லன்னா வாரா வாரம் காசு. சிப்பிக் காளான் விதை போட்டு ஒண்ணு ஒன்றரை மாசத்துல முதல் அறுவடை. பிராய்லர் கோழி அஞ்சாறு வாரம். கீரை ஒரு மாசத்துக்குள்ள, பல காய்கறி ரெண்டு மூணு மாசம். தானியம் மூணுல இருந்து ஆறு மாசம். மரப்பயிர் வருஷக்கணக்கு. சீக்கிரம் காசு வர்றதெல்லாம் சீக்கிரம் கெட்டும் போகும், விலையும் ஆடும், தினமும் ஆள் நிக்கணும், பால் மாட்டுக்கு லீவு நாள் கிடையாது. அதனால வேகமா திரும்பற ஒண்ணு, நிதானமா வர்ற ஒண்ணுன்னு ரெண்டையும் சேத்துப் போடறவங்கதான் மூணாவது வருஷத்தைத் தாண்டறாங்க. கோழி ஒப்பந்தத்துல மட்டும் கூடுதல் ஜாக்கிரதை, ஷெட்டுக்கு வாங்கற கடன் பல வருஷத்துக்கு இருக்கும், கம்பெனி ஒப்பந்தம் பல இடத்துல ஒரு பேட்ச் ஒரு பேட்ச்சாத்தான் இருக்கும், அந்த ரெண்டு காலமும் பொருந்தலன்னா ரிஸ்க் முழுக்க உங்க தலைமேல.

நேரடியா கேட்டீங்கன்னா என் தீர்ப்பு இதுதான். வீட்டுல நிலம் இருந்து, ஒரு துண்டை முழுப் பொறுப்பா விட எழுத்துல ஒத்துக்கிட்டா, போங்க, யோசிக்கவே வேணாம். நிலம் இருந்தும் ஒத்துக்கலன்னா அடுத்தவங்க பண்ணைல ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு வாங்க, திரும்பி வரும்போது உங்க பேச்சுக்குக் கிடைக்கற காது வேற. நிலமே இல்லன்னாலும் அதே வழிதான், கூடவே நகர்த்தக்கூடிய சொத்து. படிப்புக் கடன் கழுத்தை நெரிக்குதுன்னா முதல்ல கம்பெனி வேலை, டார்கெட் இல்லாத பக்கமா, கடன் முடியற தேதியை இன்னிக்கே குறிச்சு வெச்சுட்டு. விவசாயம் வேணவே வேணாம்னு முழு விவரமும் தெரிஞ்சு முடிவு பண்றவங்களை நான் ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டேன், அது அவங்க வாழ்க்கை.

பண்ணை தேடறவங்க கடைசி செமஸ்டர்லயே ஆரம்பிச்சிடுங்க. டிபார்ட்மென்ட்ல ஃபீல்டு விசிட்டுக்குக் கூட்டிட்டுப் போற இடங்களோட லிஸ்ட் இருக்கும், பால் சேகரிக்கற சங்கம், விதை உற்பத்தி பண்றவங்க, கொள்முதல் பண்றவங்க, இவங்களுக்கு எந்தப் பண்ணை ஒழுங்கா நடக்குதுன்னு நல்லாவே தெரியும், அவங்ககிட்ட கேளுங்க. ஒரு லீவுல ரெண்டு வாரம் போய் இருந்து பாருங்க, விடியக்காலை வேலை, மழை நாள் வேலை, ஆள் வராத நாள் எல்லாம் பாத்துடணும். அங்க மருந்து அடிக்கறப்ப கையுறை முகமூடி போடறாங்களான்னு பாருங்க, சர்வதேச தொழிலாளர் அமைப்பு சுரங்கம், கட்டுமானத்தோட சேத்து விவசாயத்தையும் ரொம்ப ஆபத்தான மூணு தொழில்ல ஒண்ணாத்தான் வெச்சிருக்கு, அதை அலட்சியமா எடுக்கற இடம் வேணாம். அப்பறம் முதலாளிகிட்ட சம்பளம் எவ்ளோன்னு கேட்ட கையோட, ஆறு மாசம் கழிச்சாவது வரவு செலவு நோட்டை எனக்குக் காட்டுவீங்களான்னும் கேளுங்க. எந்தச் செலவு எங்க போகுது, விலை இறங்கின மாசத்துல எப்படிச் சமாளிச்சாங்க, எதை நிறுத்தினாங்கங்கறது அந்த நோட்டுலதான் இருக்கு, காட்ட மாட்டேன்னு சொல்ற இடத்துல உங்களுக்குக் கூலி மட்டும்தான் கிடைக்கும், காட்டறேன்னு சொல்றவர் சம்பளம் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தாலும் அவர்கிட்டயே சேருங்க.